உலகம் எப்படி முடியும் என்று கேட்கத் தென்காசிக்குப் போனோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் இழுத்தடித்தேன். கடையில் கிடந்த பழைய நோட்டில் மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் தாளைக் கிழித்து விபூதி மடிக்க எடுத்து வைத்துவிட்டேன். காரணம் இரண்டு. முதலாவது, நான் பொறாமைக்காரன் என்பது இதில் வெளியே தெரிந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதில், போனில் வருகிற ஒரு குரல் மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கை கூசியது. இரண்டாவது, பயணத்தின் கடைசி நாள் அம்மன் சந்நிதியில் ஒரு காரியம் செய்தேன். முறையில்லை என்று தெரிந்தே செய்தேன். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எங்களுக்குக் கொல்லத்தில் பாத்திரக் கடை. அப்பா புளியங்குடியிலிருந்து வந்து தொடங்கியது. நான் எட்டாம் வகுப்பு. என் வீட்டுக்காரி உலகம்மாள் கீழப்பாவூர்க்காரி, பத்தாவது வரை படித்தவள். சாயங்காலம் விளக்கேற்றியதும் நான் சத்தமாகப் பதிகம் படிப்பேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கல்யாணம் ஆன நாள்முதல் இதுதான் வழக்கம். எனக்குத் தெரிந்து என் பேச்சை ஒருத்தர் முழுசாகக் கேட்டது அந்த அரைமணி நேரம்தான்.

மகன் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். அதில் தென்காசிக்காரர் ஒருவர், மைதீன் பாய் என்று பெயர், உலகம் எப்படி உண்டானது, சூரியன் எப்படிப் பிறந்தது, எல்லாம் எங்கே போய் முடியும் என்று தினம் கொஞ்சம் பேசிப் போடுவார். முகம் காட்ட மாட்டார். குரல் மட்டும்தான். வெண்கலப் பானையில் தட்டின மாதிரிக் குரல். போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு உலகம்மாள் கேட்பாள். நான் பதிகத்தை எடுத்தால், "கொஞ்சம் பொறுங்க, பாய் முடிச்சிரட்டும்" என்பாள். பாய் முடிக்க மாட்டார்.

ஒருநாள் கடைக்கு வந்து, தொங்குகிற இரும்புச் சட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த இரும்பு எங்கயோ ஒரு நட்சத்திரத்துக்குள்ள வெந்து வெடிச்சு வந்ததாம். தெரியுமா?"

"பட்டறைல இருந்து வந்தது. பில் இருக்கு" என்றேன்.

முப்பது வருஷமாக நான் விற்கிற சட்டியைப் பற்றி எனக்கே ஒருத்தர் சொல்லித் தருகிறார். அன்று ராத்திரி அவளுடைய சார்ஜர் வயரை எடுத்துப் பழைய அண்டாவுக்குள் போட்டேன். மறுநாள் மகன் புதுசு வாங்கி வந்துவிட்டான்.

பிறகு அவள் அந்தப் பாய்க்கு ஏதோ கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறாள். "அம்மா, இதுக்குப் போன்ல பதில் சொன்னா சரியா வராது. இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க" என்று பதில் வந்தது. என்ன கேள்வி என்று கேட்டேன். "அது எனக்கும் அவுகளுக்கும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என்னிடம் கேட்க முடியாத கேள்வி என்ன இருக்கிறது இவளுக்கு?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் புறப்பட்டேன். வெளியே சொன்ன காரணம் அவளுடைய முழங்கால் வலி, குற்றாலத்து அருவித் தண்ணீர்.

முதல் நாள். ரயில் புனலூர் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கியது. எதிர் சீட்டில் ஒரு மலையாளத்து அம்மா, மடியில் எவர்சில்வர் தூக்கு. தூக்கைப் பார்த்ததுமே எங்கள் கடைச் சரக்கு என்று தெரிந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது. "குற்றாலத்துக்கா? நாங்களும்தான். வருஷம் தவறாது. எங்கள் ஊரிலும் அருவி இருக்கிறது, ஆனால் அங்கே குளித்தால் வெறும் ஈரம், இங்கே குளித்தால்தான் மருந்து" என்று மலையாளத்தில் சொன்னார். வாழைப்பழ அப்பம் கொடுத்தார். பிறகு கேட்டார்: "பிள்ளைகள் எத்தனை?"

"ரெண்டு" என்றேன். "பையன் கடையைப் பார்க்கிறான். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று."

உலகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதிமூன்று கண் பாலம் வருகிற நேரம். அதைப் பார்க்கத்தான் திரும்புகிறாள் என்று நினைத்தேன்.

மலைக்கு இந்தப் பக்கம் இறங்கியதும் காற்றே வேறு. கொல்லத்து மழை ஓங்கி அடித்துவிட்டு நிற்கும். இங்கே சாரல், அடிக்கவும் அடிக்காது, விடவும் விடாது. விடுதியில் பையை வைத்துவிட்டு மெயின் அருவிக்குப் போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதலில் நான் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன். தேய்க்கிறவர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒடம்பு கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. யாரு மேலயும் கோவமா இருக்கியளோ?" என்றார். "ஒரு பாய் மேல" என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

குளித்து வந்த உலகம்மாளுக்குப் பல் கிட்டியது. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஏங்க, தலையில விழுந்துச்சே தண்ணி, அதுல ஹைட்ரஜன்னு ஒண்ணு இருக்காம். அது ஒலகம் ஆரம்பிச்ச அன்னைக்கே உண்டானதாம். அம்புட்டுப் பழசு தலையில விழுந்திருக்கு."

"தண்ணி மலையில இருந்து வருது."

"மலைக்கு?"

"சிவன் தலையில இருந்து."

"ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்லுதிய" என்று சிரித்தாள். "அவுக கொஞ்சம் வெவரமாச் சொல்லுதாக."

ராத்திரிச் சாப்பாடு இடியாப்பமும் சொதியும். கொல்லத்தில் எதில் தேங்காயெண்ணெய் இல்லை என்று தேட வேண்டும். இங்கே சொதியில் தேங்காய்ப்பால் மட்டும், இஞ்சி வாசம் தூக்கலாக. மூன்று தடவை வாங்கினேன். அவள் கேட்டாள்: "பாய்க்குப் போன் போடுதேன்னியளே, போட்டியளா?"

"போட்டேன். எடுக்கல. ஊர்ல இல்ல போல."

நான் போடவே இல்லை. நெற்றியில் விபூதி ஈரம் காயுமுன்னே பொய் சொன்னேன்.

இரண்டாம் நாள். குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மனையும் கும்பிட்டுவிட்டுச் சித்திர சபைக்குக் கூட்டிப் போனேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அங்கே நடராஜர் சிலையாக இல்லை, சித்திரமாக இருக்கிறார். அவர் முன்னால் நிறுத்தி, உலகத்தின் கதையை நானே சொல்லிவிடுவது. எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியட்டும்.

"பாத்தியா? இந்தக் கையில உடுக்கை. அதுல இருந்துதான் எல்லாம் உண்டாச்சு. இந்தக் கை அபயம், காப்பாத்துது. அந்தக் கையில தீ. அது முடிவு. ஆரம்பம், நடுவு, முடிவு, மூணும் ஒரே ஆட்டம். இதுக்கு மேல என்ன பேச இருக்கு?"

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது கேட்டாள்:

"கையில தீ இருக்கே. அப்ப முடிவு சூடாவா இருக்கும்? பாய், குளிர்ந்துபோயி முடியும்னுல்லா சொல்லுதாக."

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் எங்களைப் பார்த்தது. வெளியே வந்து தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தேன். ஒரு குரங்கு வந்து என் தேங்காய் மூடியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதைக்கூட நான் விரட்டவில்லை.

பகலில் கடைத்தெரு பார்க்கத் தென்காசிக்கு மினி பஸ் ஏறினோம். பாதியில் புகைந்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்தார். கண்டக்டர், "அவசரப்படுதவுக நடக்கலாம், நடக்க முடியாதவுக பாட்டுப் பாடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் உலகம்மாள் தன் போனை எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். வெண்கலக் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"ஊர்லதாம்மா இருக்கேன். நேத்தா? நேத்து ஒருத்தரும் கூப்பிடலியே. இப்ப எங்கன நிக்கிய?"

மினி பஸ் நிற்கிறது என்று சொன்னாள்.

"பதினொண்ணே கால் வண்டியா? அது மேட்டுல அப்படித்தான். தண்ணி ஊத்தி, பத்து நிமிஷம் ஆறவிட்டா ஏறிரும்."

மைதீன் பாய் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவராம். இது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளம்பக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டேன். சாமிக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? சரியாகப் பத்தாவது நிமிஷம் பஸ் கிளம்பியது. உலகம் எப்போது முடியும் என்று சொல்கிறவர், பஸ் எப்போது கிளம்பும் என்றும் சொல்லிவிட்டார்.

உலகம்மாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்றுப் பொய் சொன்னாயா என்று கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். "நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்காக" என்றாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. நான் மனசில் வைத்திருந்த ஆள் உயரமானவர், வெள்ளைச் சட்டை, சுருள் முடி. கதவைத் திறந்தவர் என் தோளுக்கும் வரமாட்டார். கைலி, பனியன், ஒரு காதில் கேட்கிற மிஷின். ஒரு நிமிஷம் மனசு லேசானது. "வாங்கம்மா, வாங்க அண்ணாச்சி" என்று வாயைத் திறந்தார். மறுபடி கனத்துவிட்டது.

அவருடைய வீட்டம்மா பாத்துமா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இவுக பேசுதத கேக்கவா கொல்லத்துல இருந்து வந்திருக்கிய? நான் மாவு அரைக்க மிஷினப் போட்டாத்தான் இவுக பேச்ச நிறுத்துவாக."

"பாத்தியளா அண்ணாச்சி?" என்றார் பாய். "என் வீட்டுல கேக்க ஆளு கெடையாது. நீங்க குடுத்து வச்சவுக. நான் சொல்லுத அம்புட்டையும் கேக்கிற ஒரே ஆளு ஒங்க வீட்டுலதான் இருக்கு."

அதைத்தான் நானும் சொல்கிறேன், என் வீட்டில் இருக்கிற ஆள் என்று. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் சைவம் என்று முன்னமே சொல்லியிருந்ததால், பாத்துமா அம்மா ஒரு தட்டு நிறைய மங்குஸ்தான் பழம் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை என் கையில் கொடுத்து, "ஒடைக்காம சொல்லுங்க, உள்ள எத்தன சொளை?" என்றார்.

"யாருக்குத் தெரியும்?"

"அடியில பூ மாதிரி இருக்குல்லா. அந்த எதழ எண்ணுங்க."

ஆறு இருந்தது. உடைத்தேன். நாலு சுளை பெரிசு. இரண்டு பல் மாதிரிச் சின்னது, ஒட்டிக்கொண்டு இருந்தது.

"சின்னதையும் சேத்துத்தான் கணக்கு. இந்தப் பழம் பொய் சொல்லாது" என்றார் பாத்துமா. பேச்சோடு பேச்சாக, "ஒங்களுக்கு எத்தன பிள்ளைக?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உலகம்மாள், "மூணு" என்றாள்.

பழத்தின் சாயம் என் வேட்டியில் சொட்டியது.

"மூணு. பெரியவன் கடையில இருக்கான். கடைசிப் பொண்ணக் கெட்டிக் குடுத்தாச்சு. நடுவுல உள்ளது ஒம்பது நாள் இருந்தா."

இருபத்தாறு வருஷம். அந்தப் பிள்ளைக்கு ஜுரம் வந்தது, ஒன்பதாம் நாள் காலை போய்விட்டது. பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம். பச்சைப் பிள்ளைக்குக் காரியம் எதுவும் கிடையாது. நானும் என் அண்ணனும் துணியில் சுற்றிக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்தோம். அதைப் பற்றிப் பேசக்கூடாது, எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது, அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தை மீறவில்லை. அவளும் ஒரு நாள் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறக்க வைத்தது என் சாமர்த்தியம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இப்போது முன்பின் பார்க்காத வீட்டில், பழத்தட்டின் முன்னால், சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் எனக்குத் தராததை இவருக்குத் தந்தாளே என்று வயிறு எரிந்தது. அதுதான் உண்மை. உண்மையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு அவள் தன் கேள்வியைக் கேட்டாள்.

"பாய், ஒரு பேச்சுல சொன்னியளே, எல்லாம் ஒண்ண விட்டு ஒண்ணு வெலகிப் போயிட்டே இருக்கு, கடைசில ஒண்ணோட வெளிச்சம் இன்னொண்ணுக்கு வந்து சேராதுன்னு. ஏற்கெனவே போனதும் அப்படித்தானா? வருஷம் ஆக ஆகத் தூரமாப் போயிட்டே இருக்குமா?"

பாய் காது மிஷினைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, எனக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லுதேன். டிப்போல விடியக்காலம் எல்லா வண்டியும் ஒரே ஷெட்டுக்குள்ள நெருக்கியடிச்சு நிக்கும். ஆரம்பத்துல ஒலகமும் அப்படித்தான், எல்லாம் ஒண்ணா, ஒரே சூடா. பொறவு கெளம்பிருச்சு. ஆனா இங்க ஷெட்டுக்கு வெளிய ரோடுன்னு ஒண்ணு கெடையாது. வண்டி போகப் போகத்தான் ரோடே உண்டாவுது. அதனால எந்த வண்டில இருந்து பாத்தாலும் மத்த வண்டி வெலகுத மாதிரித்தான் தெரியும்."

"சரி."

"ஆனா வண்டிக்கு வண்டிதான் வெலகும். ஒரே வண்டிக்குள்ள சீட்டு சீட்டா வெலகாது. பூமிய சூரியன் பிடிச்சிருக்கு. நம்ம நட்சத்திரக் கூட்டம் ஒண்ண ஒண்ணு பிடிச்சிருக்கு. இழுத்துப் பிடிச்சுக்கிட்டது பிரியாது. மண்ணுல வச்சியளா பிள்ளைய?"

தலையை ஆட்டினாள்.

"அப்ப அது பூமியிலதான் இருக்கு. ஒரு பொடி எங்கயும் போவல. நீங்க இருக்க அதே வண்டிதான்."

"பூமி போயிட்டா?"

"ரொம்ப காலம் கழிச்சு சூரியன் ஊதிப் பெருத்து, பூமியையும் பொசுக்கிரும்னு சொல்லுதாங்க. அப்ப நீங்க, நான், இந்த அண்ணாச்சி, அந்தப் பிள்ள, எல்லாம் ஒரே தூசிதான். தனித்தனியாக் கூடப் பிரிக்க முடியாது."

"கடைசியோ கடைசில?"

"வெளக்கு ஒவ்வொண்ணா அணைஞ்சு, குளிர்ந்து போவும்னு சொல்லுதாங்க. எவனும் போய்ப் பாக்கல. ஆரம்பத்துக்கு முன்ன என்ன, முடிவுக்குப் பொறவு என்ன, ரெண்டும் எனக்குத் தெரியாதும்மா. அந்த எடம் வந்தா நான் தொழப் போயிருவேன்."

"அது போதும் பாய்" என்றாள் உலகம்மாள். ஒரு மங்குஸ்தானை எடுத்து, திருப்பி, அடியில் எண்ணிவிட்டுத்தான் உடைத்தாள்.

தெருமுனை வரை பொறுத்துக்கொண்டேன். பிறகு முடியவில்லை.

"ஏட்டி, இத எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா? எனக்கும் சாமி தெரியும். நானும் ஒரு பதில் சொல்லியிருப்பேன்லா?"

நடந்துகொண்டே சொன்னாள்: "ரெண்டுன்னு சொல்லுத மனுஷன்கிட்ட, மூணாவதப் பத்தி எப்படிங்க கேக்க?"

மத்தியானம் ஒரு கடையில் உட்கார்ந்தோம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிட்டோம். நல்ல சமையல் என்று பக்கத்து மேஜையில் சொன்னார்கள். எனக்கு ருசி தெரியவில்லை.

நான்காம் நாள். ஊர் திரும்புமுன் தென்காசிக் கோயில். காசி விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டு, உலகம்மன் சந்நிதிக்கு வந்தோம். அவளுக்குப் பெயர் வைத்ததே இந்த அம்மனை நினைத்துத்தான். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். வழக்கமான வரிசையில் சொன்னேன். என் பெயர், நட்சத்திரம். உலகம்மாள் பெயர், நட்சத்திரம். மகன். மகள். அர்ச்சகர் தட்டோடு உள்ளே திரும்பினார்.

இறந்தவர்கள் பெயரில் அர்ச்சனை கிடையாது. அது எனக்குத் தெரியும். நினைவு தெரிந்த நாள்முதல் கோயில் முறை தவறாதவன் நான்.

"சாமி, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன்.

"சொல்லுங்க. பேரு?"

"பேர் இன்னும் வைக்கல. பெண் குழந்தை."

"நட்சத்திரம்?"

"ரோகிணி" என்றேன். பின்னாலிருந்து இன்னொரு குரலும் "ரோகிணி" என்றது. என் குரலுக்கு ஒரு எழுத்து பிந்தித்தான் வந்தது. நான் முந்திவிட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கு நினைவிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பாய்க்கு அது தெரியவே தெரியாது.

அர்ச்சகர் பிறந்த குழந்தை என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. பூசை முடிந்து வந்தவர் எங்கள் இரண்டு பேருக்கும் குங்குமம் கொடுத்துவிட்டு, அம்மன் மேலிருந்த ஒரு பிச்சிப்பூவைத் தனியாக எடுத்து, "இது பிள்ளைக்கு. தலைமாட்டுல வைங்க" என்று உலகம்மாள் கையில் வைத்தார். அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். தாயே, தெரிந்து செய்த தப்பு, தண்டனை என்றால் எனக்குக் கொடு என்று கும்பிட்டேன். இந்த நாலு வருஷத்தில் ஒன்றும் வரவில்லை. கணக்கு இன்னும் முடியவில்லையோ என்னவோ.

அந்தக் கோயில் வாசலில் எப்போதும் காற்று ஆளைத் தள்ளும். கோபுரத்துக்கு அடியில் வந்ததும் புடவைத் தலைப்பு பறந்தது, என் துண்டு பறந்து ஒரு பூக்காரியின் கூடையில் விழுந்தது. உலகம்மாள் தலைப்பைப் பிடிக்கவில்லை. பூ இருந்த கையை மட்டும் மூடி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தாள்.

கொல்லத்துக்கு வந்த பிறகு அந்தப் பூவை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். மறுநாள் காலையில், மண்ணில் வைத்த இடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். அன்றுவரை அவள் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

இப்போதும் பாய் பேச்சுதான் ஓடுகிறது வீட்டில். இப்போதும் எனக்கு எரியத்தான் செய்கிறது. முதலில் பதிகம், அப்புறம் பாய் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். திரும்பி வரும் ரயிலில் யாராவது "பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. செங்கோட்டையில் ஏறியவர்கள் சீட்டு விளையாடினார்கள். புனலூரில் ஏறியவர்கள் தூங்கினார்கள். கொல்லம் வரை ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் பொய்யை மறைக்க வேண்டாம், பொறாமையைக் குறைக்க வேண்டாம். உலகத்தின் ஆரம்பத்தையும் முடிவையும் பற்றிப் பாய் சொன்னதில் நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தாலும், விவரம் தெரிந்தவர்கள் அதைத் திருத்தாமல் அப்படியே சொல்லுங்கள். எங்களுக்குப் பிள்ளைகள் மூன்று. அந்த எண்ணை மட்டும் யாரும் மாற்றிவிடாதீர்கள்.